சந்துப் பக்கத்து ஜன்னல்

சம்பள நாளுக்கு முந்தைய வாரம் எங்கள் கணக்குப் பிரிவில் யாரும் யாரோடும் பேச மாட்டார்கள். பேசினால் சண்டைதான் வரும். தேனாம்பேட்டையில் மவுண்ட் ரோட்டைப் பார்த்தபடி ஆபீஸ், பின்னால் மின்விசிறி செய்யும் பட்டறை. அத்தனை ஆட்களுக்கும் கையாலேயே சம்பளப் பட்டியல் எழுத வேண்டும். ஒருவர் கூட்டியதை இன்னொருவர் கூட்டுவார். பத்து பைசா இடித்தால் போதும், எல்லாம் முதலிலிருந்து ஆரம்பம். கூட்டல் மெஷின் தட்டுவது என் வேலை. அந்த வாரம் வீட்டுக்குப் போய்ச் சாதம் பிசையக்கூட விரல் வளையாது.

அப்பாவுக்கு தி. நகரில் பாத்திரக் கடை. கடை ஆட்களுக்குச் சனிக்கிழமை சாயங்காலம் கல்லாவிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டு விபூதி பூசிக்கொள்வார். "சம்பளம் போட ஒரு வாரமா? நல்லா வெளங்கிரும் உங்க கம்பெனி" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எழுபதுகளின் தொடக்கத்தில் எங்களுக்குப் புது மேனேஜர் வந்தார். பெண். சாந்தோமில் பரம்பரையாக இருக்கும் கத்தோலிக்கக் குடும்பம், கணவர் பள்ளிக்கூட வாத்தியார். வந்த முதல் நாள் எங்களில் ஒவ்வொருவர் பக்கத்திலும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "இதை எதுக்கு எழுதறீங்க?" என்று கேட்டார். ஒரே தொகையை ஏன் ஐந்து இடத்தில் எழுதுகிறோம் என்பதற்கு எங்கள் யாரிடமும் காரணம் இல்லை. எப்போதும் அப்படித்தான் எழுதுவோம், அவ்வளவுதான்.

சும்மா சொல்லக்கூடாது, வேலையில் சூறாவளி. ஊர் வம்பு பேசப் பிடிக்காது. மத்தியானச் சாப்பாட்டைக்கூடக் காகிதத்தைப் பார்த்துக்கொண்டே முடித்துவிடுவார். கம்ப்யூட்டர் என்பதைப் படத்தில்கூடப் பார்த்திராத எங்களை நுங்கம்பாக்கத்தில் ஓர் இடத்துக்கு அழைத்துப் போனார். அறை நிறைய மெஷின்கள் பீரோ பீரோவாக நின்றன. துளை போட்ட அட்டைகளை ஒரு பக்கம் கொடுத்தால் இன்னொரு பக்கம் சம்பளப் பட்டியல் அச்சாகி வந்தது. எங்கள் ஒரு வார வேலை, ஒரு காபி குடித்து முடிப்பதற்குள்.

எங்கள் தலைமை கேஷியர் மயிலாப்பூர் மாமா. அந்த முதல் பட்டியலை முழுக்க என்னைத் திரும்பத் தட்டச் சொன்னார். ஒரு பைசா தப்பில்லை. அவருக்கு முகமே விழுந்துவிட்டது. "மெஷின்னாலும் ஒரு தப்பாவது பண்ண வேண்டாமோ?" என்று முணுமுணுத்துக்கொண்டே காகிதக் கட்டுக்குச் சந்தனம் குங்குமம் வைத்தார். மேனேஜர் எழுந்து வந்து, "எனக்கும் கொஞ்சம் சந்தனம் குடுங்க" என்று கையை நீட்டினார். மாமா அன்றோடு அவர் கட்சி. நானும்தான்.

அடுத்தது வங்கி. கவரில் பணம் போட்டுக் கொடுப்பதை நிறுத்தி, பட்டறை ஆட்கள் எல்லாருக்கும் தேனாம்பேட்டை வங்கிக் கிளையில் கணக்குத் திறந்தார். வரிசையில் நிற்க வேண்டாம், கவர் தொலையாது, வேண்டும்போது எடுத்துக்கொள்ளலாம். குறை சொல்ல எதுவும் இல்லாத ஏற்பாடு. முதல் மாதச் சம்பள நாள் முடிந்த திருப்தியில், அவரும் நானும் பஸ் பிடிக்கப் பின்பக்கத்துச் சந்து வழியாக நடந்தோம்.

கேஷியர் அறைக்குச் சந்துப் பக்கம் ஒரு ஜன்னல் உண்டு. மூடிக் கிடந்த அந்த ஜன்னலுக்குக் கீழே பெண்கள் நின்றுகொண்டிருந்தார்கள்.

"இங்க எதுக்கு நிக்கறாங்க?" என்று மேனேஜர் என்னைக் கேட்டார்.

நான் பதில் சொல்வதற்குள், பட்டறையில் லேத் ஓட்டும் ஒருவரின் மனைவி முன்னால் வந்தார். கைக்குழந்தை இடுப்பில் தூங்கிக்கொண்டிருந்தது. "இன்னாம்மா, ஜன்னல் தொறக்கவே இல்ல? மத்தியானத்துலேர்ந்து நின்னுகினு கீறோம்."

விஷயம் இதுதான். மதுவிலக்கை எடுத்துவிட்டுச் சாராயக் கடைகளைத் திறந்திருந்த காலம் அது. சம்பளக் கவரோடு பட்டறையை விட்டுப் போகிறவர்களில் சிலர் வீட்டுக்கு வெறுங்கையோடு போனார்கள். ஒரு தடவை இந்த லேத்காரர் மனைவிதான் வந்து அழுதிருக்கிறார். அன்று மாமா ஒரு வழக்கத்தை ஆரம்பித்தார். புருஷன் உள்ளே கையெழுத்துப் போடுவார், கவர் ஜன்னல் வழியாகப் பெண்டாட்டி கைக்குப் போகும். பார்த்துப் பார்த்து மற்ற பெண்களும் வந்தார்கள். எந்த விதியிலும் கிடையாது. யூனியன்காரர்களும் கண்டும் காணாமல் இருந்தார்கள். எங்கள் எல்லாருக்கும் தெரியும். எல்லாருக்கும் தெரிந்ததால் மேனேஜருக்கு யாருமே சொல்லவில்லை.

"உங்க வீட்டுக்காரர் எங்க?" என்று மேனேஜர் கேட்டார்.

"பேங்குல மொத்தமும் எடுத்துகினு அப்பவே பூட்ச்சாம், இப்பத்தான் சொன்னாங்க. வூட்ல அரிசி இல்லம்மா. வாடகை குடுக்காட்டி சாமானைத் தூக்கி வெளிய போட்ருவேன்னு வூட்டுக்காரம்மா சொல்லிகினு கீது. இன்னா பண்றதுன்னே தெர்ல."

மேனேஜர் அப்படியே திரும்பி ஆபீசுக்குள் போனார். மாமா பெட்டியைப் பூட்டிக்கொண்டிருந்தார்.

"ஏன் சார், எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"நீங்க கேக்கலியே, மேடம். தெரிஞ்சுண்டுதான் பண்றேள்னு நெனச்சுண்டுட்டேன். ஆத்துல கூட சொல்லிண்டிருந்தேன், இந்தப் பொம்மனாட்டிகள் என்ன பண்ணப் போறாளோன்னு."

எனக்கு மாமா மீது வந்த கோபத்துக்கு அளவில்லை. வீட்டில் சொல்லத் தெரிந்தவருக்கு ஆபீசில் சொல்லத் தெரியவில்லை. மேனேஜர் கோபப்படவில்லை. "நான் காகிதத்தை எல்லாம் பார்த்தேன். பின்னாடிச் சந்தைப் பார்க்கலை. தப்பு என்னோடது" என்றார். மேலதிகாரியிடம் போய் முன்பணம் கொடுக்க அனுமதி வாங்கி வந்தார். அன்றைக்கு அந்த ஜன்னல் கடைசி முறையாகத் திறந்தது. லேத்காரர் மனைவி வாங்கிய பணத்தை எண்ணாமல் முந்தானையில் முடிந்துகொண்டு ஓடினார்.

பழையபடி கவருக்கே போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் நுங்கம்பாக்கத்துக்குப் போனார். ஓர் ஆளின் சம்பளத்தை இரண்டாகப் பிரித்து இரண்டு கணக்குக்கு அனுப்ப அட்டையில் இடம் உண்டா என்று கேட்டார். உண்டு. இனி விருப்பப்பட்டால் ஒரு பங்கு மனைவியின் பெயரில் திறக்கும் கணக்குக்கு நேராகப் போகும். சம்மதம் என்று ஆள் எழுதிக் கொடுக்க வேண்டும்.

அங்கேதான் சிக்கல். "இதுல கையெழுத்துப் போட்டா குடிகாரன்னு ஒத்துக்கிட்ட மாதிரிதானே? எவன் போடுவான்?" என்று யூனியன் செயலாளர் சிரித்தார். மேனேஜர் சிரிக்கவில்லை. முதல் தாளைத் தன் பெயரில் எழுதினார். சம்பளத்தில் ஒரு பங்கு கணவரின் கணக்குக்கு. "வாத்தியாருக்குக் காசைக் கட்டிக் காக்கத் தெரியாதே மேடம்" என்று கேலி செய்தேன். "அதான் கொஞ்சமா போட்டிருக்கேன்" என்றார். இரண்டாவது தாள் மாமாவுடையது. மூன்றாவதை யூனியன் செயலாளரே வாங்கி எழுதினார். அதற்குப் பிறகு அது குடிகாரன் காகிதம் இல்லை. குடும்பஸ்தன் காகிதம் ஆகிவிட்டது.

லேத்காரர் முறைத்துக்கொண்டு நின்றார். "நான் இன்னா கொயந்தையா? என் துட்டு மேடம், என் இஷ்டம்."

"உங்க துட்டுதான். அதனாலதான் உங்களைக் கேக்கறேன். இல்லாட்டி நானே பண்ணியிருக்க மாட்டேனா?"

அவர் போய்விட்டார். வாரம் முழுக்க எங்கள் பக்கம் வரவில்லை. அட்டைகளை அனுப்ப வேண்டிய நாள் வந்தது. ஒரு ஆளுக்காக நிறுத்தி வைக்க முடியாது என்று நான் சொன்னேன். "சாயங்காலம் வரைக்கும் இருக்கட்டும்" என்றார் மேனேஜர். அவர் ஒரு வேலையைத் தள்ளிப் போட்டு நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். எல்லாரும் கிளம்பும் நேரத்தில் லேத்காரர் வந்தார். யார் முகத்தையும் பார்க்காமல் என்னிடம், "முக்காவாசி அது பேருக்குப் போட்ருங்க" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

எல்லாரும் போட்டார்கள் என்று சொன்னால் பொய். சிலர் கடைசி வரை போடவில்லை. ஒரு மகராசி தன் பங்கை எடுத்துத் தம்பிக்கு மோட்டார் சைக்கிள் வாங்கிக் கொடுத்து, அதற்கு ஒரு பஞ்சாயத்து நடந்தது. அதை எல்லாம் மேனேஜர் காதில் வாங்கிக்கொள்ளவே இல்லை.

அடுத்த சம்பள நாள் சாயங்காலம் நாங்கள் சந்தில் திரும்பியபோது, ஜன்னலுக்குக் கீழே லேத்காரர் மனைவி நின்றுகொண்டிருந்தார். மேனேஜர் முகம் வெளுத்துவிட்டது. எங்கேயோ தப்பு நடந்துவிட்டது என்றுதான் நானும் நினைத்தேன்.

"ஏம்மா, பணம் வரலையா?"

"வந்துச்சும்மா. காத்தாலயே போய் எடுத்துகினு வந்து வாடகை குடுத்துட்டேன்."

"அப்புறம் ஏன் நிக்கறீங்க?"

அந்த அம்மாள் சிரித்தார். "அப்பல்லாம் நான் ஜன்னல்ல கவரு வாங்கசொல்ல, என் மூஞ்சில முழிக்கக் கூடாதுன்னு எங்க வூட்டு ஆளு முன் வாசக் கேட்டு வழியா ஓடிடும். இப்ப ஓடறதுக்கு இன்னா கீது? இந்தப் பக்கமா வர்றேன், நில்லுன்னு சொல்லிச்சு."

பட்டறையின் பின்கதவு திறந்தது. லேத்காரர் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார், எங்களைப் பார்த்துத் தயங்கினார். பிறகு மனைவியின் இடுப்பிலிருந்த குழந்தையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டார். இரண்டு பேரும் சந்து வழியாகவே நடந்து போனார்கள்.

மேனேஜர் அவர்கள் சந்து முனையில் திரும்பும் வரை பார்த்துக்கொண்டே நின்றார். எங்கள் பஸ் போய்விட்டது.