ஒத்துப்போகாத ரேம்

ஃபரீஹாவிடம் கல்யாண ஆல்பம் செய்யக் கொடுத்தால் பெண்ணின் முகத்தை வெளுக்க மாட்டாள் என்று புதுச்சேரி போட்டோகிராபர்களுக்குத் தெரியும். நல்ல கறுப்பு முகத்தை மாவு பூசிய மாதிரி மாற்றித் தருகிற டிசைனர்கள் ஊரில் நிறைய பேர். அவள் நிழல் விழுந்த இடத்தை மட்டும் கொஞ்சம் வெளிச்சமாக்குவாள், நிறம் நிறமாகவே இருக்கும். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு ஸ்டூடியோவில் வேலை பார்த்தபோது பழகிய கை அது. முஆஸைக் கட்டிக்கொண்டு முல்லா வீதிக்கு வந்து, மகள் ஹனீன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு, படுக்கையறை மூலையில் ஒரு மேஜையும் கம்ப்யூட்டரும் போட்டு வீட்டிலிருந்தே வேலையைத் தொடங்கினாள். முஆஸ் ஜவுளிக்கடையில் சேல்ஸ்மேன். வீட்டு வாடகை அவன் சம்பளத்தில், ஹனீனின் படிப்பு இவள் ஆல்பத்தில் என்று ஓடியது.

பெரும்பாலான வேலை இளஞ்செழியனிடமிருந்துதான் வரும். லாஸ்பேட்டையில் ஸ்டூடியோ வைத்திருப்பவன், அவளைவிட இளையவன். கல்யாணம் முடிந்ததும் கேமரா கார்டுகளைக் கொண்டுவந்து கொடுப்பான். அவள் படங்களைத் தன் கம்ப்யூட்டருக்கு ஏற்றிவிட்டு, "ஏத்திட்டேன் தம்பி" என்று செய்தி அனுப்புவாள். அதைப் பார்த்த பிறகு அவன் கார்டுகளை வாங்கிப்போய் அழித்துவிட்டு அடுத்த கல்யாணத்துக்கு எடுத்துப் போவான். அந்த ஒரு சொல்லை நம்பித்தான் இத்தனை வருஷமாக இருவரும் பிழைத்தார்கள்.

தை பிறக்கப் போகிற சமயம் கம்ப்யூட்டர் திணற ஆரம்பித்தது. ஒரு பக்கத்தில் பத்துப் படம் வைத்தால் திரை உறைந்து நின்றது. ரேம் பத்தவில்லை என்று அவளுக்கே தெரிந்தது. வேலை நடக்கும்போது படங்களைத் தாங்கிப் பிடித்திருக்கும் பட்டை அது. நான்கு ஜிபியில் இரண்டு போட்டிருந்தாள். ஒன்றை எடுத்துவிட்டுப் பெரிதாக ஒன்றைப் போடலாம் என்று நினைத்தாள்.

முதலில் போன கடையில் கவுன்டர்காரர், "உங்க போர்டு என்ன மாடல்மா?" என்றார்.

"தெரியலிங்களே. அசெம்பிள் பண்ணது."

"அது தெரியாம நான் எத குடுக்கறது? இப்ப இருக்கற ரேம் என்ன ஸ்பீடு, எந்த கம்பெனின்னு மூடியத் தொறந்து போட்டோ புடிச்சிட்டு வாங்க. ரெண்டும் ஒத்துப்போவணும்."

அவள் திரும்பி வந்தாள். ஆனால் மூடியைத் திறக்கவில்லை. முகூர்த்தங்கள் வரிசைகட்டி நின்றன, இளஞ்செழியன் ஆல்பம் எப்போது என்று தினமும் கேட்டுக்கொண்டிருந்தான். மறுநாள் சிபியுவையே ஆட்டோவில் வைத்துக்கொண்டு வேறொரு கடைக்குப் போனாள். அங்கே யாரும் எதுவும் கேட்கவில்லை. பழைய பட்டை ஒன்றைக் கழற்றிவிட்டு, மிச்சமிருந்த பழசுக்குப் பக்கத்தில் பதினாறு ஜிபி புதுசைச் செருகினார்கள். "புதுசு ஃபுல் ஸ்பீடுல ஓடற மாரி செட் பண்ணிட்டேங்க்கா. சும்மா பறக்கும் பாருங்க" என்றான் கடைப் பையன்.

பறக்கத்தான் செய்தது. இரண்டு நாள் வேலை ஒரே நாளில் முடிந்தது. நடுவில் எப்போதாவது திரை நீலமாகி நின்றுபோகும். அணைத்துப் போட்டால் சரியாகிவிடும். அவளும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அந்தத் தையில்தான் வீராம்பட்டினத்துக் கவிநிலாவின் கல்யாணம். இளஞ்செழியனிடம் இரண்டாவது கேமராவில் படம் எடுக்கும் காத்தவராயன் அதே ஊர்க்காரன். பெண்ணின் அம்மா செல்வாம்பாளிடம் பேசி அந்த ஆர்டரைப் பிடித்துக் கொடுத்தவனும் அவன்தான். கார்டுகளையும் அவனே முல்லா வீதிக்குக் கொண்டுவந்தான். ஃபரீஹா ஏற்றினாள், செய்தி அனுப்பினாள். கார்டுகள் அழிந்து அடுத்த கல்யாணத்துக்குப் போயின.

பத்து நாள் கழித்து ஆல்பத்துக்கு உட்கார்ந்தாள். மணமேடைப் படம் பாதிவரை திறந்தது, கீழ்ப்பாதி வெறும் சாம்பல். அடுத்ததில் மாப்பிள்ளையின் முகத்தின் குறுக்கே பச்சைக் கோடுகள். தாலி கட்டிய நேரத்துப் படங்களில் ஒன்றுகூடத் திறக்கவே இல்லை. நல்ல படங்கள் நிறைய இருந்தன. ஆனால் சாப்பாட்டுப் பந்தியும் வாழைமர வாசலும் யாருக்கு வேண்டும்?

இளஞ்செழியனைக் கூப்பிட்டாள். அவன் ஓடி வந்து, நின்றபடியே திரையைப் பார்த்தான்.

"என்னக்கா இது? ஏத்திட்டேன்னு சொன்னீங்களே!"

அந்தக் குரலில் இருந்தது பயம்தான். அவளுக்கு அது குற்றச்சாட்டாகக் கேட்டது. "நான் ஏத்தினது ஏத்தினதுதான் தம்பி. உங்க கார்டுல கோளாறா இருக்கும். காத்தவராயன் அத எப்பிடிப் புடுங்கினாரோ, எங்க வெச்சிருந்தாரோ, யாருக்குத் தெரியும்?"

வாயில் வந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். "அவன் கேமராவ ஆஃப் பண்ணாமலே கார்ட உருவுவான். பல தடவ சொல்லியிருக்கேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான் இளஞ்செழியன். அந்த வாரமே காத்தவராயனை நிறுத்திவிட்டான். வீராம்பட்டினத்தில், சொந்த ஊர்ப் பெண்ணின் கல்யாணப் படத்தைத் தொலைத்தவன் என்று அவனுக்குப் பேராகிப் போனது.

ஃபரீஹாவுக்கு உண்மை தெரிந்தது தன் வீட்டுப் படத்தால். ஹனீனின் பள்ளி ஆண்டு விழாவை முஆஸ் போனில் எடுத்திருந்தான். கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால் மகளின் முகத்துக்குக் கீழே அதே சாம்பல். போனில் அதே படம் பளிச்சென்று இருந்தது. அதில் கேமரா கார்டும் இல்லை, காத்தவராயனும் இல்லை.

முதலில் போன கடைக்கே சிபியுவைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். ரேமைச் சோதிக்கிற நிரலைக் கவுன்டர்காரர் ஓடவிட்டார். திரையில் சிவப்பு வரிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக ஓட ஆரம்பித்தன.

"பழசு இந்த ஸ்பீடுக்குத் தாங்காதும்மா. புதுசுக்கு வெச்ச வேகத்துல ரெண்டும் ஓடுது. எதக் காப்பி பண்ணாலும் ரேம் வழியாதான் போவும். நடுவுல எங்க தப்பாவுதுன்னு வெளிய தெரியாது." அவர் அவளைத் திட்டவில்லை. ஒரே மாதிரி இரண்டு பட்டைகளை எடுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அன்று இரவு முஆஸிடம் சொன்னாள்.

"இப்ப போய்ச் சொல்லி என்ன ஆவப்போவுது?" என்றான் அவன். "படம் திரும்ப வருமா? செழியன் வேலய நிறுத்திடுவான். ஹனீனுக்கு ஃபீஸ் கட்டற நேரம்."

"அந்தப் பையன் பேரு கெட்டுப்போச்சுங்க."

"நீ வேணும்னேவா சொன்ன?"

வேண்டுமென்று சொல்லவில்லை. ஆனால் சொல்லும்போதே உள்ளுக்குள் நீலத் திரை ஒருமுறை வந்து போனது அவளுக்குத்தான் தெரியும். ஒரு வாரம் வேலையிலேயே ஓடியது. தொழுகையில் நிற்கும்போதுகூட அந்தச் சாம்பல் பாதிதான் கண்ணுக்குள் வந்தது. வெள்ளிக்கிழமை முஆஸ் கடைக்குக் கிளம்பியதும் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு லாஸ்பேட்டைக்குப் போனாள்.

இளஞ்செழியன் முழுதாகக் கேட்டான். கோபப்பட்டிருந்தால் தேவலாம் போலிருந்தது. "அவன வாசல்ல நிக்க வெச்சுத் திட்டி அனுப்பினேங்க்கா" என்றான். பிறகு, "கைவசம் இருக்கற ஆல்பத்த முடிச்சுக் குடுத்துடுங்க. அப்பறம் பாக்கலாம்" என்றான். அப்பறம் என்ன என்று அவள் கேட்கவில்லை.

அங்கிருந்தே காத்தவராயனுக்குப் போன் போட்டாள். அவன் கடலூரில் ஒரு செல்போன் கடையில் சேர்ந்திருந்தான். அவள் சொல்லி முடிப்பதற்குள், "பரவால்லக்கா, பரவால்ல" என்றான். யாரோ கடையில் கூப்பிடுவது கேட்டது. "எங்கூர்ல மட்டும் சொல்லிடுங்க. எங்கம்மா வெளிய தல காட்ட முடியல" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டான்.

வீராம்பட்டினத்தில் செல்வாம்பாள் வீட்டு வாசலில் மீன் கூடைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். ஃபரீஹா தன்னை யாரென்று சொன்னதும், முந்தானையில் கையைத் துடைத்தபடி எழுந்தாள்.

"காத்தவராயன் மேல தப்பு இல்லம்மா. என் கம்ப்யூட்டர்லதான் கெட்டுது. நான்தான் தெரியாம ஏதோ ஒண்ண வாங்கிப் போட்டேன்."

"உன்னுதா?" செல்வாம்பாள் அவளை மேலும் கீழும் பார்த்தாள். "அந்தப் புள்ளய தெருவே பேசுச்சே. நானும்தான் பேசுனேன். அவங்கம்மாகிட்ட தண்ணிக் கொழாயில சண்ட போட்டேன். இத அப்பவே வந்து சொல்றதுக்கு என்னா ஒனக்கு?"

அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடிவிட்டார்கள். ஃபரீஹா எல்லோருக்கும் கேட்கிற மாதிரி முதலிலிருந்து இன்னொரு தடவை சொன்னாள். செல்வாம்பாள் அவளை உட்காரச் சொல்லவில்லை. கடைசியில் மட்டும், "நானே அவங்கம்மாகிட்ட போறேன். நீ கெளம்பு" என்றாள்.

கவிநிலாவின் நம்பரை வாங்கி, உறவுக்காரர்கள் போனில் எடுத்த படங்களையெல்லாம் கேட்டு வாங்கினாள் ஃபரீஹா. அவற்றை வைத்து ஒரு ஆல்பம் செய்தாள். தாலி கட்டுகிற படம் ஒன்றே ஒன்றுதான் கிடைத்தது. யாருடைய கையோ பாதி மறைத்திருந்தது, பெண்ணின் முகம் கலங்கலாக இருந்தது. எவ்வளவு முயன்றும் அதற்குமேல் தெளியவில்லை. அச்சாகிப் போன ஆல்பத்தைப் பார்த்துவிட்டுக் கவிநிலா, "கெடச்சதுங்க்கா" என்று அனுப்பினாள். வேறெதுவும் எழுதவில்லை.

இளஞ்செழியன் புது வேலை தரவில்லை. காத்தவராயனை அவன் திரும்பக் கூப்பிட்டதாகவும் காத்தவராயன்தான் வர மறுத்துவிட்டதாகவும் கேள்வி. ஃபரீஹா இப்போது ரெட்டியார்பாளையத்தில் இரண்டு சின்ன ஸ்டூடியோக்களுக்கு ஆல்பம் செய்கிறாள். வருமானம் முன்போல இல்லை. முஆஸ் ஞாயிற்றுக்கிழமையும் கடைக்குப் போகிறான்.

படங்களை ஏற்றியதும் அவள் ஒவ்வொன்றாகத் திறந்து கடைசிப் படம்வரை பார்க்கிறாள். "கார்டு எப்பக்கா தருவீங்க?" என்று ஸ்டூடியோக்காரர்கள் வாசலில் நின்று அவசரப்படுத்துவார்கள்.

"இன்னும் பாத்து முடிக்கல. உக்காருங்க" என்பாள்.