தெரிஞ்ச பிழை

கிளிநொச்சியில் இருந்த எங்கள் நிவாரண அலுவலகத்தின் கணினிகளுக்குக் காவலாக ஒரு மென்பொருளைப் பொருத்திவிட்டுப் போன கொழும்புக்காரர் அவர். சட்டைப்பைக் கைலேஞ்சியை எடுத்து விரிக்காமல் எந்தக் கதிரையிலும் இருக்கமாட்டார். எங்கள் புழுதி அவருக்கு ஆகாது.

டீசலை மிச்சம்பிடிக்க மத்தியானத்தில் ஜெனரேற்றரை நிறுத்துவது எங்கள் வழக்கம். திரும்ப இயக்கினால் அந்த மென்பொருள் எங்கள் கணினிகளையே அந்நியர் என்று மறித்துவிடும். ஆஸ்பத்திரிக்கு மருந்து கேட்டு எழுதிய மின்னஞ்சல்கள் போகாமல் கிடக்கும். மாதக்கணக்கில் முறையிட்ட பிறகுதான் மனிதர் வந்தார்.

"அது எங்களுக்குத் தெரிஞ்ச பிழைதான்," என்றார் சாவகாசமாக.

"தெரிஞ்சால் பிறகேன் திருத்தேல்லை?"

"நீங்கள் ஜெனரேற்றரை நிப்பாட்டாமல் விடுங்கோ."

"டீசலை நீங்கள் கொண்டுவந்து தருவியளோ?"

அன்றும் வழக்கம்போல நிறுத்தித் திரும்ப இயக்கினோம். அவர் சாப்பிட்டுவிட்டுத் தன் மடிக்கணினியில் வீட்டுக்கு மின்னஞ்சல் அனுப்பப் பார்த்தார். அவரையும் மறித்தது. முகம் சிவந்துபோய்க் குனிந்தவர், நான் ஊற்றிவைத்த தேத்தண்ணி ஆறுவதற்குள் பிழையைத் திருத்திவிட்டார். அதன்பிறகு அது வரவேயில்லை.

கைலேஞ்சியை மடித்துக்கொண்டே, "இப்ப சரிதானே?" என்று கேட்டார்.

'ஓம்' என்று சொல்ல எனக்கு இன்றைக்கும் வாய் வரவில்லை.