நடிப்பு என்று நினைத்தேன்

ஓய்வு பெற்ற பிறகும் பயிற்சி வகுப்புகள் என்னை விடவில்லை. கும்மிடிப்பூண்டியில் கிராம சுகாதார செவிலியர்களுக்கு, தாய்மாரிடம் தாய்ப்பால் பற்றிப் பேசக் கற்றுத்தர அழைத்தார்கள். விதிமுறைகளில் என்னை மிஞ்ச ஆளில்லை. அதனால் நேர அட்டவணையையும் நானே போட்டேன்.

மதியம் ஒத்திகை. நான் செவிலியர், ஊத்துக்கோட்டை சிஸ்டர் தாயாக நடிக்க வேண்டும்.

"குழந்தைக்கு எத்தனை மாசம்மா?"

"அஞ்சு சார். வேலைக்கு வந்துட்டேன். பால் கட்டிக்கினு வலி உயிர் போவுது."

"பீய்ச்சி எடுத்து வைக்கலாமே?"

"எங்க சார்? பாத்ரூம்ல தாப்பா கூட இல்ல. ஊட்டுக்குப் போலாம்னா, அஞ்சு மணிக்குக் கையெழுத்து போட்டாதான் அட்டெண்டன்ஸாம்."

"பிரமாதமான நடிப்பு!" என்று கைதட்டினேன். வேறு யாரும் தட்டவில்லை.

பக்கத்திலிருந்த சிஸ்டர் எழுந்தார். "இன்னா சார் நடிப்பு? அவ கொழந்த ஊட்ல அழுதுகினு கீது. காலைலயே பர்மிஷன் கேட்டாளே, நீங்கதான ரூல் பேசினீங்க?"

ஊத்துக்கோட்டை சிஸ்டரிடம் திரும்பினேன். "கிளம்பும்மா, கையெழுத்தை நான் பார்த்துக்கறேன்" என்றேன்.

அவர் எழுந்திருக்கவில்லை. "இதுவும் ஒத்திகையா சார்?" என்று கேட்டார்.

இல்லை என்று சொல்லி அனுப்பிவைத்தேன். காலையில் அவர் அனுமதி கேட்டபோது, எதற்கு என்று நான் ஏன் கேட்கவில்லை என்பது மட்டும் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.