யோசப்பின் ரீச்சரின் மூன்றாமவர்

குருநகரில் வாயில்லாதவன் பிழைக்க முடியாது. கடலில் காற்றோடு கத்த வேண்டும், கரையில் வியாபாரியோடு கத்த வேண்டும், வீட்டுக்கு வந்தால் பெண்சாதியோடு கத்த வேண்டும். அப்படிப்பட்ட ஊரில் யாகோப்பரின் வாய் மற்ற வாய்களையெல்லாம் அடக்கிய வாய். மீன் ஏலம் கூறுவது அவர் தொழில். அவர் தொண்டையைச் செருமினாலே காகமும் வியாபாரியும் ஒன்றாக விலகி நிற்கும் என்று ஊரில் பகிடி சொல்வார்கள்.

1931 ஆடியில் ஒரு காலை, சுறா ஒன்றுக்கு ஏலம் கூறிக்கொண்டு நின்றவர் பாதியில் சரிந்தார். பாரிசவாதம். வலது கையும் காலும் விழுந்தன. அவற்றோடு பேச்சும் போயிற்று. தண்ணீர் வேண்டுமென்றால் செம்பைக் காட்டுவார், கோபம் வந்தால் அந்தச் செம்பையே எறிவார். மகள் யோசப்பினுக்கு அப்போது பதினாறு வயது.

ஒரு நாள் கரைவலை இழுக்கிறவர்கள் வீட்டுக்குப் பின்னால் அம்பாப் பாட்டுப் பாடி இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் அடி எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடி ஒவ்வோர் இழுவைக்கும் ஓர் அடி பின்வைக்கும் பாட்டு அது. பாயில் கிடந்த யாகோப்பர் அவர்களோடு சேர்ந்து ஒரு முழு வரியையும் பாடினார், ஒரு சொல்லும் பிசகாமல். தாய்க்காரி சிலுவை போட்டுவிட்டு அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்த ஓடினாள். யோசப்பின் ஓடவில்லை. தண்ணீர் என்று சொல்ல முடியாத நாக்கு இத்தனை சொல்லை எங்கேயிருந்து எடுத்தது என்று யோசித்தபடி அங்கேயே இருந்தாள். அவளுடைய வாழ்க்கை முழுவதும் அந்த யோசனைதான்.

அன்று தொடங்கி அம்பா மெட்டிலேயே தண்ணீர் கேட்கச் சொல்லிக் கொடுத்தாள். சாப்பாடு கேட்க, அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட, பிறகு ஏசவும் சொல்லிக் கொடுத்தாள். இரண்டு வருடம் கழித்து யாகோப்பர் கண்ணை மூடும்போது வைத்தியனை வாயாரத் திட்டிவிட்டுத்தான் மூடினார்.

யோசப்பின் படித்தாள். கன்னியாஸ்திரிகளின் பள்ளிக்கூடம் ஒன்றில் ஆசிரியையானாள். தபாலில் புத்தகம் வரவழைத்துத் தனியே படித்து லண்டன் பீ.ஏ. சோதனையும் பாஸ் பண்ணினாள். பெண் பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்ட வாய்கள் பிறகு தங்கள் பிள்ளைகளை அவளிடமே கூட்டிக்கொண்டு வந்தன. ஐந்து வயதாகியும் பேசாத பிள்ளை, மூக்கால் பேசுகிற பிள்ளை, எழுத்துக்கு எழுத்துத் திக்குகிற பிள்ளை. எல்லாரும் பள்ளிக்கூடம் விட்ட பிறகு, முகத்தைக் குடையால் மறைத்துக்கொண்டு வருவார்கள். வீட்டில் ஒரு பிள்ளைக்குக் குறை என்று வெளியே தெரிந்தால் அதற்கு மட்டுமல்ல, அதன் அக்கா தங்கைக்கும் கலியாணம் பொருந்தாதல்லவா?

முதன்முதலாக வந்த தாய் அருமைநாயகி அழுதுகொண்டே கேட்டாள்: "ரீச்சர், பிள்ளையின்ரை பேரை மட்டும் எங்கையும் எழுதிப்போடாதேங்கோ. நாளைக்கு ஒரு கலியாணப் பேச்சுக்கால் வரேக்கை ஆரும் அந்தக் கொப்பியைத் தூக்கிக் காட்டினால் நாங்கள் என்ன செய்யிறது?"

யோசப்பினுக்கு அது நியாயமாகப்பட்டது. முதலாமவர், இரண்டாமவர், மூன்றாமவர் என்றே எழுதினாள். எந்தச் சத்தத்தில் நாக்கு எங்கே நிற்கிறது, எந்தக் கிழமை எந்தச் சொல் வந்தது என்று எல்லாம் இருக்கும், பெயர் மட்டும் இருக்காது. இந்த ஊரில் பிறந்த ஒருத்திதான் இப்படியொரு பிழையை விடுவாள். வேறெங்கும் இதைப் பிழை என்பார்கள், இங்கே இது மரியாதை.

மூன்றாமவர் சூசைதாசன். கரைவலை இழுக்கிறவன், வயது இருபத்திரண்டு, சரியான கொன்னை. அதிலும் 'க' வந்தால் தாடை பூட்டிக்கொள்ளும், கண் இமை துடிக்கும், கழுத்து நரம்பு கயிறு மாதிரிப் புடைக்கும். ஆனால் கடற்கரையில் அம்பாவுக்கு அடி எடுத்துக்கொடுப்பவனே அவன்தான். யோசப்பின் ஒருநாள் அதைக் கேட்டாள், தகப்பனை நினைத்தாள், அவனைக் கூப்பிட்டாள்.

ஒன்றரை வருடம், ஞாயிறு தவிர ஒவ்வொரு மாலையும் அவன் வந்தான். முதலில் எதைச் சொன்னாலும் அம்பா மெட்டில். பிறகு மெட்டை எடுத்துவிட்டு இழுவையின் தாளம் மட்டும். அவன் முகம் பூட்டத் தொடங்கும்போதே யோசப்பினின் ஆள்காட்டி விரல் மேசையில் தட்டும். அவன் அந்தத் தட்டைப் பிடித்துக்கொண்டு சொல்லுக்குள் இறங்குவான். கடைசியில் தட்டும் இல்லாமலே பேசினான். யுத்தகாலத்தில் சங்கக் கடையில் கூப்பனுக்கு அரிசி கொடுத்தபோது, நிரையில் நின்ற இருநூறு பேரின் பெயரையும் கணீரென்று கூப்பிடும் வேலை அவனுக்குத்தான் கிடைத்தது. அரிசி வாங்கத் தேவையில்லாத நாளிலும் யோசப்பின் அந்த வழியால் போய் நின்று கேட்டுவிட்டு வருவாள். பெருமைதான். அதை மறைக்க அவள் முயலவுமில்லை.

யுத்தம் முடிந்தது. 1946 தையில் லண்டனில் ஒரு சங்கத்திலிருந்து பள்ளிக்கூடத்துக்குக் கடிதம் வந்தது. பேச்சுக் குறை தீர்க்கும் தொழிலுக்குப் பட்டதாரிகளைப் பயிற்றுகிறார்களாம். இரண்டு வருடம். காது, குரல்வளை, மூளை எல்லாவற்றையும் பற்றிய படிப்பு, ஆஸ்பத்திரியில் நோயாளரோடு பழக்கம். செலவு முழுவதும் சங்கத்துடையது. இலங்கைக்கு ஓர் இடம், வயது முப்பத்திரண்டைத் தாண்டக்கூடாது. யோசப்பினுக்கு முப்பத்தொன்று. இந்த முறை தவறினால் இனி இல்லை.

பட்டத்துக்கோ பவிசுக்கோ அவள் ஆசைப்படவில்லை. கைவந்த வித்தை ஏன் வேலை செய்கிறது என்று அவளுக்கே தெரியாது. அதனால்தான் நாலாமவரான ஆறு வயதுப் பிள்ளை மூன்று வருடமாக அவள் முன்னால் வந்திருந்து ஒரு சொல்லும் பேசாமல் திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. அந்தப் பிள்ளையின் தாய்க்கு என்ன பதில் சொல்வதென்று தெரியாமல் அவள் குனிந்த நாள்கள் அநேகம். அந்த ஏன் லண்டனில் இருந்தது.

விண்ணப்பத்தோடு இரண்டு வேண்டுமென்று எழுதியிருந்தார்கள். ஒன்று, இதுவரை செய்த வேலையை எழுதிய கொப்பி. மற்றது, அதில் குணமடைந்த ஒருவர் நேரே வந்து சாட்சி சொல்லவேண்டும். தாய்மார் எல்லாரும் கையெடுத்துக் கும்பிட்டு மறுத்துவிட்டார்கள். மிஞ்சியது சூசை ஒருவன்தான்.

"நீங்கள் கேக்கவும் வேணுமே, ரீச்சரக்கா? நான் வாறன். வந்து துவக்கத்திலையிருந்து சொல்லுறன்."

"உனக்குப் பெண் பாக்கினமெண்டு கேள்விப்பட்டன். இடைஞ்சல் எண்டால் இப்பவே சொல்லு, சூசை. நான் கோவிக்கமாட்டன்."

"அந்தோனியார் அறிய வாறன். நீங்கள் தந்த வாய் இது."

அவள் சாட்சிக்கு அவன் பெயரை எழுதி அனுப்பினாள்.

அடுத்த மாதம் சம்பந்தம் பொருந்தியது. பருத்தித்துறைப் பக்கத்துப் பெண், வசதியான இடம். ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கலியாணத்தைச் செய்துவை என்பார்களே, குருநகரார் பொய்கூடச் சொல்லவில்லை, பழைய கொன்னைக் கதையை எடுக்காமல் சும்மா இருந்தார்கள். தடை தெரிந்தவர்கள் சொல்லட்டும் என்று கோயிலில் கலியாண ஓலை மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டும். இரண்டு வாசித்தாயிற்று. மூன்றாவதுக்கு முன்வந்த செவ்வாய்க்கிழமை, பட்டினத்தில் ஒரு வாசிகசாலையின் மேல்மாடியில் நேர்முகம் வைத்தார்கள்.

யோசப்பின் நேரத்தோடு போய் வாசலில் நின்றாள். ஒரு கார் வந்தது. முதலில் இறங்கியவர் நீக்கிலாப்பிள்ளை, பருத்தித்துறைக் கோட்டில் வழக்குப் பேசும் பிரக்கிராசி. தெரிவுக் குழுவில் தமிழும் இங்கிலீசும் தெரிந்தவராக அவரைப் போட்டிருந்தது அவளுக்கு அன்றைக்குத்தான் தெரியும். பின்னால் இறங்கியவன் சூசை, புது வேட்டி, புதுச் சட்டை. கலியாணப் பெண்ணுக்குத் தாய்மாமன் அந்தப் பிரக்கிராசி. சூசை அவளைக் கண்டதும் நிலத்தைப் பார்த்தான்.  ஆனாலும் அந்தோனியாரைச் சாட்சிக்கு இழுத்தவன், சொல்லுவான் என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டு மேலே ஏறினாள்.

லண்டனிலிருந்து வந்திருந்த துரைசாணி கொப்பியை ஏற்கெனவே வாசித்திருந்தாள். "இதை எழுதியவருக்கு நாங்கள் சொல்லிக்கொடுப்பது போல அவரிடம் கேட்டுக்கொள்ளவும் இருக்கிறது" என்று இங்கிலீசில் சொன்னாள். யோசப்பினுக்குக் கண் நிறைந்தது. அப்படியொரு வார்த்தை அதுவரை அவளுக்கு யாரும் சொன்னதில்லை. "அந்த மூன்றாமவரைப் பார்க்கத்தான் ஆசையாக இருக்கிறது. அவர் வந்திருக்கிறாரா?"

யோசப்பின் சூசையைக் காட்டினாள்.

"ஆரு, எங்கடை மாப்பிள்ளையோ?" பிரக்கிராசி சிரித்தார். "உவர் அயலட்டை ஆளாய் நற்சாட்சி சொல்ல வந்திருக்கிறார் எண்டெல்லோ நினைச்சன். தம்பி, உமக்கு எப்பவாவது கொன்னை இருந்ததோ? சொல்லும், நான் அம்மாவுக்கு இங்கிலீசிலை சொல்லுறன்."

சூசை எழும்பினான். "இல்லை ஐயா. உவ எங்கடை ஊர் ரீச்சர். சங்கக் கடைக்கு வாறவ. அவ்வளவுதான் பழக்கம்."

தண்ணீர் ஓடுகிற மாதிரி ஓடியது பேச்சு. ஒரு எழுத்தும் தட்டுப்படவில்லை. அவள் ஒன்றரை வருடம் மாலை மாலையாக இருந்து செதுக்கிய வாய், அவளைத் தெரியாது என்று அத்தனை அழகாகச் சொன்னது. ஏறவிட்டு ஏணியை எடுப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறாள். ஏணியே எழும்பி நடந்துபோனதை அன்றைக்குத்தான் கண்டாள்.

"எனக்கு ஒருநாளும்," என்று தொடங்கினான் சூசை, "எனக்கு ஒருநாளும் க—"

நின்றது.

தாடை பூட்டியது. இமை துடித்தது. கழுத்து நரம்பு புடைத்தது. பிரக்கிராசி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஆனால் துரைசாணியின் பேனா எழும்பிவிட்டது. இன்னும் ஒரு நொடி போனால் அந்தப் பெண் கண்டுபிடித்துவிடுவாள், அவளுக்கு அதுதானே தொழில். யோசப்பின் ஒரு வார்த்தை பேசவேண்டியதில்லை, யாரையும் காட்டிக்கொடுக்க வேண்டியதுமில்லை. சும்மா இருந்தாலே போதும், லண்டன் வந்து மடியில் விழும்.

டக், டக், டக்.

மேசை விளிம்பில் சத்தம் கேட்டுத்தான் அது தன் விரல் என்று அவளுக்குத் தெரிந்தது.

"—கதைக்கிறதிலை ஒரு குறையும் இருக்கேல்லை, ஐயா" என்று சூசை முடித்தான்.

பேனா கீழே இறங்கியது. யோசப்பின் எழும்பி நின்றாள். "தயவுசெய்து அவரை இன்னொருமுறை பேசச் சொல்லுங்கள்" என்று இங்கிலீசில் கேட்டாள்.  "ஒரு மனிசனைச் சபையிலை வைச்சு எத்தனை தரம் அவமானப்படுத்துறது, பிள்ளை?" என்றார் பிரக்கிராசி தமிழில். துரைசாணி கொப்பியைத் திருப்பித் தந்தாள். கொப்பியில் பெயரும் இல்லாமல் சாட்சிக்கு ஆளும் இல்லாமல் இதை ஏற்க முடியாதென்று மிக மரியாதையாகச் சொன்னாள். சிரித்து முகம் மலர்ந்திருந்தவள் இப்போது யோசப்பினின் கண்ணைப் பார்க்கவில்லை. பொய்க்காரி என்று நினைத்துவிட்டாள். இடம் போனதைவிட அந்தப் பார்வைதான் யோசப்பினைச் சுட்டது.

பங்குனியில் கடிதம் வந்தது. இடம் கொழும்பில் யாரோ ஒருத்திக்குப் போயிருந்தது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்று தாய் நாலு நாள் புலம்பினாள். யோசப்பின் வழமைபோலப் பள்ளிக்கூடம் போனாள். நாலாமவர் வந்து முன்னால் இருந்தது. ஒன்றும் பேசாமல் போனது.

உயிர்த்த ஞாயிறு கழிந்து ஒரு மாலை சூசை வந்தான். விரலில் கலியாண மோதிரம், கையில் பலகாரப் பெட்டி. பெட்டியை மேசையில் வைத்துவிட்டு நின்றான்.

"ரீச்சரக்கா, நான் செய்தது பெரிய துரோகம். எனக்குத் தெரியும். ஓலை வாசிச்ச பிறகு கலியாணம் குழம்பினால் எங்கடை அம்மா கிணத்திலை விழுந்திருப்பா. ஆனால் நீங்கள் அண்டைக்குத் தட்டாட்டி நான் துலைஞ்சன். நீங்கள் மன்னிச்சிட்டியள் எண்டு எனக்கு அப்பவே விளங்கீற்று. அண்டையிலையிருந்து ஒவ்வொரு நாளும் செபத்திலை உங்களைத்தான் நினைக்கிறனான்."

ஒரு இடத்திலும் அவன் திக்கவில்லை. யோசப்பின் கேட்டுக்கொண்டிருந்தாள். அவன் முகத்தில் உண்மையான நன்றி இருந்தது. பாவமன்னிப்புக் கேட்டுக் கிடைத்தவனின் நிம்மதி இருந்தது. இதைத் தூக்கிக்கொண்டு அவன் சாகும்வரை சந்தோசமாக இருப்பான் என்று நினைத்தபோது அவளுக்குத் தாங்கமுடியவில்லை.

"நான் தட்டேல்லை, சூசை," என்றாள். "என்ரை கைதான் தட்டினது. எனக்கு அண்டைக்கு உன்னை விழுத்தத்தான் விருப்பம். இண்டைக்கும் விருப்பம்தான். பெட்டியை எடுத்துக்கொண்டு போ."