கடல் ஏறிய உயரம்

நில அளவைக்காரனை யாரும் விருந்துக்குக் கூப்பிடுவதில்லை. சுனாமிக்குப் பிறகு கடற்கரையை அளக்கப் போனவன் குடிக்கத் தண்ணீரும் கேட்டுத்தான் வாங்க வேண்டும். கோலும் கருவியும் தூக்கி ஏச்சு வாங்கிய தோழர்களே, உங்களுக்குத் தெரியும்.

வெள்ளைச் சுவர்

தூத்துக்குடிக்கு வடக்கே ஒரு மீனவக் குடியிருப்பு. கடல் எதுவரை ஏறியது என்று குறிப்பது எங்கள் வேலை. கிறிஸ்துமஸுக்கு எல்லா வீட்டிலும் வெள்ளையடித்திருந்தார்கள். மறுநாள் கடல் வந்தது. சேற்றுக்கறை கோடு போட்டதுபோலத் தெரிந்தது. கரையோரத்து ரோஸ்லின் ஈரத்துணியோடு சுவரைத் துடைக்கப் போனார். அளந்து முடிக்கும்வரை துடைக்க வேண்டாம் என்றேன்.

"ஒங்களுக்கு அது அளவு சார். எங்களுக்கு அழுக்கு."

ஏணி

கறை பட்ட வீட்டுக்காரர்களைக் கடலைவிட்டுத் தள்ளிக் குடியேற்றப் போவதாகப் பேச்சு கிளம்பியது. புது வீடு வேண்டியவர்கள் கறையை வளர்த்தார்கள். மளிகைக் கடைக்காரர் வீட்டில் அது ஜன்னலுக்கு மேலே போயிருந்தது; சேறு இன்னும் ஈரம். இரண்டு பக்கத்து வீடுகளிலும் முழங்கால் உயரம்தான். கோல் பிடித்த முருகேசன் என்னைப் பார்க்காமல் சொன்னான்:

"அண்ணாச்சி வீட்டுக்கு மட்டும் கடல் ஏணி வச்சு ஏறியிருக்கு சார்."

உயராத தரை

நிலநடுக்கத்தில் தரை உயர்ந்ததா என்றும் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். உயரம் பொறித்த பழைய மட்டக்கல்லிலிருந்து கடல்மட்டம்வரை அளந்தோம். தரை அசையவில்லை. மேலதிகாரிக்கு ஏமாற்றம்.

"ஒரு அடி ஒசந்திருந்தா மேடாக்க மண்ணடிக்கிற செலவாவது மிச்சமாயிருக்கும்."

சுண்ணாம்பு

ரோஸ்லினுக்குப் புது வீடு வேண்டாம். கணவரின் வள்ளம் கரையேறுவது அவர் வாசலுக்கு எதிரே. மீனைப் பிரித்து ஏலத்தில் நிற்பது அவர்தான். தள்ளிப்போனால் வியாபாரி சொல்வதே விலை.

மறுபடி போனபோது கறைமேல் சுண்ணாம்பு அடித்திருந்தார். உப்பு ஊறிய சுவரில் சுண்ணாம்பு நிற்காது. கடல் நின்ற உயரம்வரை பொருக்குப் பொருக்காக உதிர்ந்து, கோடு முன்பைவிடத் தெளிவாக இருந்தது. முருகேசன் கோலை வைத்தான். நான் குறித்துக்கொண்டேன். ரோஸ்லின் கேட்டார்:

"சுண்ணாம்பும் ஒங்க ஆளுதானா சார்?"

வேலி

ரோஸ்லினையும் சேர்த்துக் கறை பட்ட வீட்டுக்காரர்களைக் கரையிலிருந்து தூரத்தில், முள் அடர்ந்த உடைமரக் காட்டுப் பக்கம் ஒரே மாதிரி வீடுகளுக்கு அனுப்பினார்கள். சில வருஷம் கழித்து வேறொரு வேலையாக அதே கரைக்குப் போனேன். ரோஸ்லின் வீடு இருந்த இடத்தில் ஒரு கம்பெனியின் கிடங்கு, சுற்றிக் கம்பி வேலி. வேலிக்கு வெளியே மணலில் ரோஸ்லின் காலிக் கூடையோடு உட்கார்ந்திருந்தார். முதல் பஸ்ஸில் வந்தும், அதற்கு முன்பே வள்ளம் வந்து, பிடித்த மீனெல்லாம் வியாபாரி கைக்குப் போய்விட்டதாம். என்னை அவருக்கு அடையாளம் தெரிந்தது.

"இங்கன கடல் வரும்னு எங்கள எழுப்பி விட்டீங்க. கம்பெனிக்காரன்கிட்ட மட்டும் கடலு கேட்டுக்கிட்டுதான் வருமோ?"

கடல் வந்த வேகத்தில் திரும்பிப் போய்விட்டது, நாங்கள் போட்ட கோடுதான் இன்னும் போகவில்லை.