சைபர் ஒத்தையா, ரெட்டையா

வானதி டீச்சருக்கு அன்று காலையிலிருந்தே கால் வீங்கியிருந்தது. திருப்பனந்தாளுக்குப் பக்கத்துக் கிராமத்தில் அரசு நடுநிலைப் பள்ளி. கணக்கு அவருடைய பாடம். அறிவியல் டீச்சர் மாறுதலில் போனபிறகு அதுவும் அவர் தலையில்தான் விழுந்தது. நடுவில் செல்போனில் வருகைப் பதிவு, சீருடை விவரம், காலை உணவு விவரம். மிச்ச நேரத்தில்தான் பாடம் என்று ஆகிப் பல வருடமாயிற்று.

ஆறாம் வகுப்பில் ஒற்றை, இரட்டை எண்களை வேகமாக முடித்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போகப் பார்த்தார். சுமையா எழுந்து நின்றாள்.

“டீச்சர், சைபர் ஒத்தையா, ரெட்டையா?”

‘ரெட்டை, எழுதிக்கோ’ என்று சொல்ல வாயெடுத்துவிட்டார். ஆனால் அந்தப் பெண் பேனாவைத் தேடவில்லை. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு நின்றாள். வானதி நாற்காலியில் உட்கார்ந்தார்.

“நீங்களே சொல்லுங்க பாப்போம்.”

“ஒண்ணுமே இல்லாததுல ஒத்தை என்ன, ரெட்டை என்ன?” என்றான் வளவன். மதிவதனி எழுந்துவந்து கரும்பலகையில் புள்ளி வைத்தாள். “ரெண்டு ரெண்டா ஜோடி சேக்கணும். ஒண்ணு தனியா நின்னா ஒத்தை.”

“சைபர்ல தனியா நிக்கிறதுக்கு ஆளே இல்லையே!” என்று கத்தினாள் சுமையா. “அப்ப ரெட்டைதான் டீச்சர்.”

வகுப்பே இரைந்தது. வானதிக்குச் சிரிப்பு வந்தது. தலைமை ஆசிரியர் இராஜாங்கம் வாசலில் வந்து நின்றார்.

“என்ன டீச்சர், சத்தம் ரோடு வரைக்கும் கேக்குது?”

“கணக்குத்தான் சார் பேசிக்கிட்டிருக்காங்க.”

“பரீட்சை வருது, பாடம் பாக்கி கெடக்கு. மேல கேட்டா நான்தான் பதில் சொல்லணும்.” அவர் கோபப்படவில்லை. அவருக்கும் அலுத்திருந்தது.

விட்ட பாடங்களை வானதி ஓட்டமாக நடத்தினார். பரீட்சையில் மதிப்பெண் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. பிள்ளைகளைப் பேசவிட்டு, பிறகு ஓடி ஓடிப் பாடம் நடத்தி, இதற்கா இவ்வளவு மெனக்கெட்டோம் என்றிருந்தது அவருக்கு.

ஒரு மத்தியானம் சுமையா மறுபடி வந்தாள். “டீச்சர், அப்ப மைனஸ் மூணு?”

“இன்னிக்கி முடியலம்மா. தலை வலிக்குது. நாளைக்கிப் பேசுவோம்.”

“சரிங்க டீச்சர்.”

வானதி மேசையில் தலை சாய்த்தார். பின்பெஞ்சில் பேச்சு தொடங்கியது.

“மைனஸ் மூணுன்னா மூணு பேரு வரலன்னு வச்சுக்க. ரெண்டு பேரு ஜோடியா லீவு. ஒருத்தி தனியா லீவு” என்றாள் மதிவதனி.

“அப்ப ஒத்தை” என்றாள் சுமையா.

“வராதவங்களப் போயி எப்படி ஜோடி சேப்ப?” என்றான் வளவன்.

குரல்கள் ஏறின. அதட்டவும் இல்லை, விடை சொல்லவும் இல்லை வானதி. மணி அடிக்கும்வரை அதைக் கேட்டுக்கொண்டே அப்படியே படுத்திருந்தார்.