துவர்த்து மட்டும் போன பஸ்

மகளுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். நாகர்கோவிலில் மருந்து வாங்கியதும், குளச்சல் பஸ்ஸின் ஜன்னலோரச் சீட்டில் தோளில் கிடந்த துவர்த்துத் துண்டைப் போட்டு இடம் பிடித்தேன். மருந்துக் குப்பியையும் அதிலேயே சுற்றி வைத்தேன். மருந்தைப் பார்த்தால் யாரும் தள்ளிவைக்கமாட்டார்கள் அல்லவா.

பஸ் கிளம்ப அரை மணி இருந்தது. யுத்தத்துக்கு முன் சிங்கப்பூரில் ஒரு ஜப்பான்காரர் கடையில், சேமியாபோல் நீளமாக எலும்புச் சாற்றில் மிதக்கும் 'மீ' சாப்பிட்டவன் நான். டவுனுக்கு வந்தால் அதைத் தேடாமல் எனக்கு இருப்புக்கொள்ளாது.

மூன்று ஓட்டல் ஏறி இறங்கினேன். "இடியாப்பத்துல கோழிச்சாறு ஊத்தித் தரட்டா?" என்றார் கடைசிக் கடைக்காரர். அது வேறு, இது வேறு என்று அவரிடம் விளக்கிவிட்டுத் திரும்பினால், பஸ் போய்விட்டது.

அடுத்த பஸ்ஸில் இடமிருந்தும் உட்கார முடியவில்லை. நின்றுகொண்டே வந்தேன்.

வாசலில் மனைவி நின்றாள். "மருந்து அப்பமே வந்தாச்சு, ஒரு வேளை குடுத்தும் ஆச்சு. நீங்க எங்க கெடந்திய?"

மீன் விற்றுத் திரும்பிய எங்கள் தெரு திரேசம்மா அதே பஸ்ஸில் இருந்திருக்கிறாள். அவள்தான் என் துவர்த்தை அடையாளம் கண்டு, குப்பியைக் கொண்டு கொடுத்தவள்.

மீயை இன்னும் தேடுகிறேன். ஆனால் பஸ்ஸில் துவர்த்து போட்டால், அதன்மேல் நானே உட்கார்ந்துவிடுகிறேன்.